வாசலில் இல்லாத வேப்பிலை

தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளுக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மருந்து கலக்கப் படித்த டிஸ்பென்சர். தோட்டத்துச் சனம் 'டாக்டரய்யா' என்று கூப்பிட்டது. நானும் ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை. அந்தக் கௌரவம் தலைக்கேறி நான் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் போகிறேன். சாதித்ததை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் 'நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறீர்கள். சுவரில் படமும் ஒட்டியிருக்கிறீர்கள். அறுபதுகளின் தொடக்கத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஆறு கட்டில் போட்ட ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல்லே தெரியாது. பலவீனமான ஆள் என்றால் எலும்பும் தோலுமாக இருப்பார், பார்த்ததும் தெரியும் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் மண்ணைப் போட்டது சரோஜா என்கிற ஆறு வயதுப் பிள்ளை.

கொழுந்து பறிக்கும் பாக்கியத்தின் ஒரே பிள்ளை அது. தகப்பன் இல்லை. முந்தின வருசம் மரம் வெட்டும்போது அது மேலே விழுந்து செத்துப்போனான். அந்தப் பிள்ளை முகமும் காலும் வீங்கி, வயிறு ஊதி, கண் திறக்க முடியாமல் என்னிடம் வந்தது. சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு என்பது வரைக்கும்தான் என் படிப்பு ஓடியது. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு மாதம் கழித்து வீக்கம் வடிந்து திரும்பி வந்தது. கூடவே ஒரு சீசா நிறையச் சின்னச் சின்ன வெள்ளை மாத்திரையும், எனக்கு ஒரு கடிதமும்.

கடிதத்தில் மூன்று சங்கதிகள். மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் கொடுக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மூன்றாவது, இந்த மாத்திரை தொற்றை எதிர்க்கும் பலத்தை உடம்பிலிருந்து எடுத்துவிடும். ஆகவே பிள்ளையைத் தொற்றுநோய்களிலிருந்து விலக்கி வைக்கவும், முக்கியமாகச் சின்னம்மை பட்டால் பிழைப்பது கஷ்டம்.

அதை நாலு தரம் வாசித்தேன். நோயைப் போக்குகிற மருந்தே உடம்பின் காவலையும் எடுத்துவிடுமாம். எடுத்தாலும் நிறுத்தக் கூடாதாம். இது என்னடா கூத்து என்று உட்கார்ந்துவிட்டேன். சரி, விலக்கி வைக்கவும் என்கிறார்களே, எங்கே விலக்கி வைப்பது? எங்கள் லயம் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஒரு அறை என்று பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில். நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது. முதல் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் பிள்ளை முழித்துக்கொள்ளும். குடிக்க, குளிக்க எல்லாருக்கும் மலைத் தண்ணீர் கொட்டும் ஒரே பீலி. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் பிள்ளைகள் அத்தனையும் ஒரே பிள்ளைக் காம்பராவில்.

இதற்கு மேல் இன்னொரு குழப்பம். அந்த மாத்திரை பிள்ளையின் முகத்தைப் பூரிக்க வைத்தது. கன்னம் இரண்டும் உப்பி, பசி எடுத்துத் தின்று, பார்க்க மகாராணி மாதிரி இருந்தது. லயமே கன்னத்தைக் கிள்ளி, "புள்ள நல்லா தேறிட்டா" என்று மெச்சியது. இந்தத் தோட்டத்திலேயே பலவீனமான உயிர் இதுதான் என்று நான் சொன்னால் யார் நம்புவார்கள்? உண்மையைச் சொன்னால், அந்தக் கன்னத்தைப் பார்க்கும்போது எனக்கே நம்பிக்கை வராது.

பாக்கியத்தைக் கூப்பிட்டு ஆறு சட்டம் போட்டேன். பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்பாதே, தண்ணீரைக் காய்ச்சு, தனிக் கோப்பை வை, இப்படி. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மலைக்குத் தூக்கிட்டுப் போகலாங்களா ஐயா? அங்க காத்துதானுங்க இருக்கு, ஆளு கெடையாது." அன்றிலிருந்து பிள்ளையைக் கம்பளியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோய் ஒரு பாறையில் உட்கார வைத்துவிட்டுக் கொழுந்து பறித்தாள். கங்காணியிடம் திட்டு வாங்கினாள். என் ஆறு சட்டத்தையும் சேர்த்தால்கூட அந்த ஒரு யோசனைக்குப் பெறாது. அப்போது அது என் மரமண்டையில் ஏறவில்லை.

நாலைந்து மாதம் போயிற்று. தோட்டத்தின் கீழ் டிவிசனில் சின்னம்மை வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நம் சனம் அம்மையை நோய் என்று சொல்லாது. "அம்மா வந்திருக்கு" என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். வேம்பு நம் குளிரில் வளராது. மாத்தளைப் பக்கமிருந்து கட்டுக் கட்டாக ஹட்டன் கடைத்தெருவுக்கு வரும். அதை வாங்கி வந்து கட்டிவிட்டால் அந்த வீட்டுக்குள் யாரும் போவதில்லை, அங்கிருந்து யாரும் வருவதில்லை, அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் மருந்து என்ற பேச்சே கிடையாது. படித்த மனுசனாகிய எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். நோய்க்கு இலை கட்டுகிறார்களே, அறிவு கெட்டவர்கள் என்று நினைப்பேன்.

அம்மை என்று காதில் விழுந்ததுமே எனக்குச் சரோஜாவின் கடிதம் ஞாபகம் வந்தது. நேரே தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையிடம் ஓடினேன். அவருக்குப் பெரியம்மைப் பயம். சின்னதா பெரியதா என்று கேட்கக்கூட இல்லை, நான் எழுதிக்கொண்டு போனதில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் வேலைக்கு வரிசையாக நிற்கும் இடத்தில், நானே ஏறி நின்று சத்தம் போட்டேன். வேப்பிலை கட்டின வீடுகளில் உள்ள பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும். கொண்டு வராவிட்டால் நானே வந்து தூக்கிக்கொண்டு போவேன்.

சும்மா மிரட்டியதோடு நிற்கவில்லை. அன்றைக்கே ஒரு காம்பராவுக்குள் சப்பாத்துக் காலோடு நுழைந்து, அம்மை போட்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். தாய்க்காரி வாசற்படியில் விழுந்து, "அம்மாவ வீட்ட விட்டுத் தூக்கிட்டுப் போறீங்களே, இந்த லயம் வெளங்குமா?" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. ஆனால் மனசுக்குள், சரோஜாவுக்காகத்தானே செய்கிறேன் என்று ஒரு திமிரும் இருந்தது.

மூன்றே நாள். தோட்டத்தில் ஒரு வாசலிலும் வேப்பிலை இல்லை. டிவிசன் டிவிசனாகச் சுற்றி வந்தேன், ஒன்றுகூட இல்லை. அம்மை அடங்கிவிட்டது என்று தொரைக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் தட்டிக் கொடுத்தார். நானும் இரண்டு நாள் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு காலையில் பாக்கியம் வந்தாள். அவள் அழவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது. முந்தின நாள் அடைமழை. பிள்ளையைப் பாறையில் உட்கார வைக்க முடியாது என்று, காலில் கத்தி பட்டு வீட்டிலிருந்த ராசாத்தியிடம் விட்டுவிட்டு மலைக்குப் போயிருக்கிறாள். அதே லயத்தில் நாலாவது காம்பரா. சாயங்காலம் கூப்பிட வந்தபோது உள்ளே மஞ்சளும் வேப்பிலையும் மணத்தது. மூலையில் கம்பளிக்கு அடியில் ராசாத்தியின் மகன், உடம்பு முழுக்கக் கொப்புளம். பக்கத்தில் உட்கார்ந்து சரோஜா அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

எனக்கு வந்ததே கோபம். "கூறு இருக்கா ஒனக்கு? எத்தன தரம் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? பாத்துட்டு விட வேணாமா?" என்று கத்தினேன்.

"பாத்துட்டுத்தாங்க விட்டேன். வாசல்ல வேப்பில இல்லீங்க."

அவளே மேலே சொன்னாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க ஐயா. வேப்பில தெரியும். இத்தன நாளும் அதப் பாத்துத்தானுங்க புள்ளய காப்பாத்துனேன். முந்தி மேல் லயத்துல கட்டியிருந்தப்ப, பீலிக்குப் போறதுக்குக்கூட ரோட்டச் சுத்திக்கிட்டுப் போனேன். இப்பதான் ஒரு வாசல்லயும் இல்லியே. ராசாத்தி மேல எனக்குக் கோவம் இல்லீங்க. சொன்னா நீங்க வந்து அந்தப் புள்ளயத் தூக்கிருவீங்கன்னு பயந்துட்டா."

தம்பிகளே, தங்கச்சிகளே, என்னை நிறையப் பேர் திட்டியிருக்கிறார்கள். தொரைமார் திட்டியிருக்கிறார்கள், குடிகாரன் கல் எடுத்து அடித்திருக்கிறான். பாக்கியம் என்னைத் திட்டவே இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். அறிவு கெட்டவர்கள் கட்டுகிற இலை என்று நான் நினைத்த அதுதான் அந்தத் தோட்டத்தில் இருந்த ஒரே அறிவிப்புப் பலகை. அதை வாசல் வாசலாகக் கழற்றி எறிய வைத்தவன் நான். சரோஜாவைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு கழற்ற வைத்தேன்.

தொரையின் கந்தோருக்கு, அதாவது ஆபீசுக்கு, ஓடி டெலிபோனைப் பிடித்தேன். கடிதம் எழுதிய டாக்டர் விடுமுறையாம். வேறு யாரோ பேசினார்கள். பாதி கேட்டது, பாதி இரைச்சல். ஊசி ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பட்டு இரண்டு மூன்று நாளுக்குள் போட்டால் பலிக்கலாம், எப்படியும் உடனே கொண்டு வரவும். நான் தயங்கினேன். அங்கே வார்டில் இதே மாத்திரை தின்னும் வேறு பிள்ளைகளும் உண்டு. இவளை அனுப்பி அவர்களுக்கும் ஒட்டவைத்துவிட்டால்? புத்தகத்தைப் புரட்டினேன். பட்ட உடனே மற்றவருக்குத் தொற்றாது, ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்று போட்டிருந்தது. புத்தகம் சரியா என்று யாரைக் கேட்பது? கேட்க ஆளில்லை. தொரையிடம் கெஞ்சி லொறி வாங்கி, தாயையும் பிள்ளையையும் முன்னால் ஏற்றி அனுப்பினேன்.

ஊசி இருந்தது. போட்டார்கள். அங்கே வைத்துக்கொள்ளாமல் மூன்றாம் நாளே திருப்பி அனுப்பினார்கள், நான் பயந்த அதே காரணத்துக்காக. சீட்டில் இரண்டு வரி: மூன்று வாரம் பார்த்துக்கொள்ளவும், அம்மை வந்தாலும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். மறுபடி எங்காவது ஒட்டிக்கொண்டால் தாங்காது என்று பாக்கியத்திடம் வாயால் சொல்லியிருக்கிறார்கள்.

மறுபடி ஒட்டாமல் இருக்க வேண்டுமென்றால் அம்மை எந்த எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். யார் சொல்வார்கள்? என் தலையைக் கண்டாலே கதவைச் சாத்துகிறார்கள். மறுநாள் பெரட்டில் ஏறி நின்று, நான் சொன்னது தப்பு, இனி யார் பிள்ளையையும் தூக்க மாட்டேன், வேப்பிலையைக் கட்டுங்கள் என்று சொன்னேன். ஒரு ஆள் அசையவில்லை. பின்வரிசையில் ஒரு கிழவர், "நல்லாத்தான் வலை விரிக்கிறாரு" என்று முணுமுணுத்தது எனக்கே கேட்டது. அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

என்ன செய்வது என்று தெரியாமல் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன். கடைத்தெருவில் ஒரு பெரிய கட்டு வேப்பிலை வாங்கினேன். "யாருக்குங்க அம்மா போட்டிருக்கு?" என்று கடைக்காரர் மரியாதையாகக் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது முழுசாகப் புரிந்திருக்கவில்லை. திரும்பி வந்து, நான் தூக்கி வந்த அந்தப் பிள்ளை படுத்திருந்த வார்டு வாசலில் என் கையாலேயே கட்டினேன். சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தேன். பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு, வேண்டுமானால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அவள் இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். வார்டைப் பார்க்க வந்த தொரை, இது என்ன திருவிழாவா என்று கேட்டார். ஆமாம் சார் என்று சொல்லிவைத்தேன்.

விடிந்தது. லயங்களில் பதினொரு வாசலில் வேப்பிலை. அடங்கிவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்த தோட்டத்தில் பதினொரு வீடு. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் சரோஜாவின் வயிற்றில் மூன்று முத்துப் போட்டிருந்தது.

கை கால் கழுவிக்கொண்டு அந்தக் காம்பராவுக்குப் போனேன். செம்பில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்திருந்தது. பிள்ளைக்குச் சூடு. வாசலுக்கு வெளியே லயத்துப் பெண்கள் கூடி நின்றார்கள். பாக்கியம் மாத்திரைச் சீசாவை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா வந்திருக்கையில மருந்து குடுக்கக் கூடாதுங்க."

"இது அம்மாவுக்குக் குடுக்கிற மருந்து இல்ல, பாக்கியம். அவ வர்றதுக்கு முந்தியே உள்ள இருக்கிறது. இத நிறுத்துனா புள்ள தாங்காது."

வெளியே நின்ற ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். "அந்த மாத்திரதான் புள்ளய பலமில்லாம ஆக்குதுன்னு நீங்கதானேங்க சொன்னீங்க? இப்ப அதயே குடுன்னா எப்புடீங்க?"

நியாயமான கேள்வி. எனக்கும் விடை தெரியாது. கடிதத்தில் போட்டிருக்கிறது என்பதைத் தவிர என் கையில் ஒன்றும் இல்லை. பலவந்தம் பண்ண முடியாது. ஒரு தரம் பண்ணிப் பட்டாயிற்று. சட்டைப் பைக்குள் மட்டும் ஒரு மாத்திரையைப் பொடி பண்ணி மடித்து வைத்திருந்தேன். யாரும் பார்க்காத நேரம் கஞ்சியில் கலந்துவிடலாம் என்று. ஆமாம், அந்தத் திருட்டுத்தனத்துக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

பாக்கியம் பிள்ளையின் போர்வையைச் சரிசெய்தாள். பிறகு வெளியே பார்த்து, "அம்மாக்கிட்டயே கேட்டுருவோம்" என்றாள். பெண்கள் சரி என்றார்கள். திருநீறு வந்தால் மாத்திரை கொடுப்பது, குங்குமம் வந்தால் நிறுத்துவது. அவள் மூலைக்குத் திரும்பி உட்கார்ந்து இரண்டு தாள் பொட்டலம் மடித்தாள், செம்புக்கு முன்னால் போட்டாள், விழுந்து கும்பிட்டாள். மாதக்கணக்கான வைத்தியம், ஊசி, லொறி, கடிதம் எல்லாம் இரண்டு காகிதத் துண்டுகளுக்குள் வந்து நிற்கிறதே என்று இருந்தது எனக்கு. தடுக்கலாமா? தடுத்தால் மறுபடி கதவைச் சாத்துவார்கள். தடுக்காமல் குங்குமம் வந்துவிட்டால்? பொடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சரோஜா கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். பாக்கியம் பிரித்து வாசலுக்கு நேராகக் காட்டினாள். திருநீறு. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தியும் அதற்குப் பிறகு மறுத்துப் பேசவில்லை. நான் மாத்திரையைக் கொடுத்தேன்.

காய்ச்சல் நாலு நாள் காய்ந்தது. முத்து முப்பதுக்கு மேல் போகவில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற அன்று பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றது. ஊசியால் பிழைத்தாளா, மாத்திரையை நிறுத்தாததால் பிழைத்தாளா, சும்மாவே பிழைத்திருப்பாளா? அப்போதும் தெரியாது, இத்தனை வருசம் கழித்தும் தெரியாது. தெரியும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பிவையுங்கள், எனக்கும் கேட்க ஆசை.

அன்றைக்குப் பாக்கியம் செம்பை எடுத்துவிட்டு மூலையைக் கூட்டினாள். எடுக்காமல் விட்ட மற்றப் பொட்டலம் என் காலடிக்கு உருண்டு வந்தது. சும்மா கை பரபரத்தது, குனிந்து எடுத்துப் பிரித்தேன்.

அதிலும் திருநீறுதான் இருந்தது.

நிமிர்ந்தேன். அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் யாரும் இல்லை.

"குங்குமத்த மடிக்கக் கையி வரலீங்க" என்றாள்.

"அம்மா கோவிச்சுக்க மாட்டாளா பாக்கியம்?" நான் நிசமாகவே பயந்துதான் கேட்டேன்.

"அம்மான்னுதானேங்க அவளக் கூப்புடுறோம்? புள்ள விசயத்துல கோவிச்சுக்குவாளா?"

பொட்டலத்தை மறுபடி மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். பிறகு உட்கார்ந்து மறுநாளுக்கான மாத்திரையை எடுத்து வைத்தேன்.